சூரியனுக்குத் தடை கேட்ட மெழுகுவர்த்திக்காரர்கள்: சலுகை வேட்டை என்றால் என்ன?

1845-ல் பிரான்சில் ஒரு மனு வெளியானது. மெழுகுவர்த்தி, லாந்தர், விளக்கு எரிக்கும் எண்ணெய், கொழுப்பு என்று வெளிச்சம் சம்பந்தப்பட்ட எல்லாத் தொழில்காரர்களும் சேர்ந்து பாராளுமன்றத்துக்கு எழுதியதுபோல் அமைந்த மனு. அவர்களுடைய குறை, ஒரு வெளிநாட்டுப் போட்டியாளர் நம்ப முடியாத குறைந்த விலையில் வெளிச்சத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார், அவர் வந்துவிட்டால் எங்கள் வியாபாரம் அப்படியே நின்றுவிடுகிறது என்பது. அந்தப் போட்டியாளர் சூரியன். ஆகவே பகல் நேரத்தில் ஜன்னல், கூரைக் கண்ணாடி, கதவிடுக்கு எல்லாவற்றையும் மூடி வைக்கவேண்டும் என்று ஒரு சட்டம் போடுங்கள் என்று கேட்கிறார்கள். போட்டால் நாட்டுக்கு என்னென்ன நன்மை என்று பட்டியலும் கொடுக்கிறார்கள்: கொழுப்பு அதிகம் தேவைப்படும், அதனால் ஆடுமாடு பெருகும், எண்ணெய் தேவைப்படும், அதனால் ஆலிவ் சாகுபடி பெருகும், திமிங்கில வேட்டைக்கு ஆயிரக்கணக்கில் கப்பல் கிளம்பும், கப்பற்படை வலுவாகும்.

எழுதியவர் ஃபிரெடரிக் பாஸ்டியா. பெரிய பேராசிரியர் எல்லாம் கிடையாது, தென்மேற்கு பிரான்சில் ஒரு சின்ன ஊரில் நிலபுலன் வைத்திருந்தவர், உள்ளூர் நீதிபதியாகவும் இருந்தவர். நையாண்டியாக எழுதினார் என்றாலும், மனுவில் இருக்கும் வாதம் ஒவ்வொன்றும் அன்றைக்கு நிஜமான தொழிலதிபர்கள் நிஜமான மந்திரிகளிடம் வைத்துக்கொண்டிருந்த வாதம்தான், அவர் சூரியனை மட்டும்தான் புதிதாகச் சேர்த்தார். இன்றைக்கும் எந்த நாட்டில் எந்தத் தொழிலுக்குப் பாதுகாப்பு கேட்டு யார் மனு கொடுத்தாலும் இந்தப் பட்டியல் அதில் இருக்கும்: வேலைவாய்ப்பு, உள்நாட்டு உற்பத்தி, தேசப் பாதுகாப்பு. பொருளாதாரத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒரு விஷயத்தை இந்த மனுவிலிருந்து தொடங்கினால் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம்.

பணம் சம்பாதிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அடுத்தவருக்கு வேண்டிய ஒன்றை உண்டாக்கி விற்பது. நல்ல பரோட்டா போடுகிறீர்கள், கூட்டம் வருகிறது, காசு பார்க்கிறீர்கள். உங்களுக்கும் லாபம், சாப்பிட்டவருக்கும் திருப்தி. இன்னொன்று, புதிதாக எதையும் உண்டாக்காமல், ஏற்கெனவே ஊரில் புழங்கும் பணம் உங்கள் பக்கம் திரும்பும்படி ஒரு சட்டத்தையோ, அனுமதியையோ, தடையையோ அரசாங்கத்திடமிருந்து வாங்கிக்கொள்வது. பக்கத்துத் தெருவில் வேறு யாரும் பரோட்டா கடை போடக்கூடாது என்று நகராட்சியில் ஒரு உத்தரவு வாங்கிவிட்டால், உங்கள் பரோட்டா ஒரு இம்மிகூட ருசி கூடாமலே விலையை ஏற்றிவிடலாம். இந்த இரண்டாவது வழியைப் பொருளாதார அறிஞர்கள் ‘ரென்ட் சீக்கிங்’ என்கிறார்கள். நான் இங்கே சலுகை வேட்டை என்று எழுதுகிறேன்.

இது லஞ்சத்துக்கு இன்னொரு பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். லஞ்சம் இதில் ஒரு சின்னப் பகுதி. சலுகை வேட்டையில் பெரும்பகுதி முழுக்கச் சட்டப்படியே நடக்கிறது, மனு கொடுத்து, குழு அமைத்து, கெஜட்டில் அறிவிப்பு போட்டு நடக்கிறது.

நம் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம், ஏனென்றால் நாற்பது வருடம் நாம் அதற்குள்ளேயே குடியிருந்தோம். 1951-ல் வந்த தொழில்கள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள ஒரு தொழிலில் ஃபேக்டரி தொடங்கவோ பெரிதாக்கவோ டெல்லியின் லைசென்ஸ் வேண்டும். எத்தனை தயாரிக்கலாம் என்பதும் லைசென்ஸில் இருக்கும், அதைத் தாண்டிக் கணிசமாகத் தயாரித்தால் குற்றம். விளைவு என்ன என்பதற்கு ஸ்கூட்டரைப் பார்த்தால் போதும். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பத்து வருடம் வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு. வாங்க லட்சக்கணக்கில் ஆள் இருந்தார்கள், தயாரிக்கக் கம்பெனியும் தயாராக இருந்தது, நடுவில் ஒரு தாள் மட்டும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ டாலரில் பணம் கட்டினால் முன்னாடியே கிடைக்கும். அலாட்மென்ட் கிடைத்த ஆள் வண்டியை ஓட்டாமலே கூடுதல் விலைக்கு விற்கலாம். அந்தக் கூடுதல் தொகை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். யாரும் எதையும் கூடுதலாகத் தயாரிக்கவில்லை. பற்றாக்குறையை உத்தரவு போட்டு உண்டாக்கியதால், வரிசையில் நிற்கும் இடத்துக்கே ஒரு விலை வந்துவிட்டது.

ஸ்கூட்டர் கண்ணுக்குத் தெரிந்த பகுதி. பெரிய விளையாட்டு இறக்குமதி லைசென்ஸில் நடந்தது. ஊழல் தடுப்பு பற்றி ஆராய 1962-ல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. தலைவர் நம் ஊர்க்காரரான கே. சந்தானம். 1964-ல் வந்த அந்த அறிக்கையின் பலனாகத்தான் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உருவானது. ஒரு இறக்குமதி லைசென்ஸ், அதில் எழுதியிருக்கும் தொகையைப் போல 100 முதல் 500 சதவீதம் வரை விலை போகிறது, இது ஊரறிந்த விஷயம் என்று அந்த அறிக்கை சொன்னது. அதாவது ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு இறக்கலாம் என்று அனுமதி தரும் தாள், தாளாகவே ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை பெறும். சரக்கின் விலை தனி.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஆன் க்ரூகர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். ‘ரென்ட் சீக்கிங்’ என்ற பெயரே 1974-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததுதான், அதில் அவர் எடுத்துக்கொண்ட நாடுகள் இந்தியாவும் துருக்கியும். 1964-ல் இந்தியாவில் இப்படிப்பட்ட அனுமதிகளின் மதிப்பு நாட்டு வருமானத்தில் 7.3 சதவீதம் இருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு, அதில் பெரும்பங்கு இறக்குமதி லைசென்ஸ். துருக்கியில் 1968-ல் இறக்குமதி லைசென்ஸ் மட்டுமே 15 சதவீதம் வந்தது.

ஆனால் அந்தச் சதவீதத்தைவிட க்ரூகர் காட்டிய இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்கியது. மூலப்பொருள் இறக்குமதி லைசென்ஸை எப்படிப் பங்கிட்டார்கள்? ஃபேக்டரியின் உற்பத்தித் திறனைப் பார்த்து. பெரிய ஃபேக்டரி என்றால் அதிக லைசென்ஸ். சரி, நியாயமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். இப்போது முதலாளியின் இடத்தில் இருந்து பாருங்கள். இருக்கும் மெஷினுக்கே வேலை இல்லாமல் பாதி நேரம் சும்மா கிடக்கிறது, ஆனாலும் இன்னொரு ஷெட் போட்டு இன்னும் நாலு மெஷின் இறக்கினால் லைசென்ஸ் பங்கு கூடும், லைசென்ஸை வைத்தே லாபம் பார்க்கலாம். அப்படியே செய்தார்கள். முதலீட்டுக்கே தவித்துக்கொண்டிருந்த ஏழை நாட்டில், ஓடப்போவதில்லை என்று தெரிந்தே மெஷின் வாங்கிப் போட்டார்கள். பள்ளிக்கூடமாகவோ பாலமாகவோ ஆகியிருக்க வேண்டிய சிமெண்டும் இரும்பும் ஒரு தாளுக்கான போட்டியில் போய்ச் சேர்ந்தன. இதில் யாரும் திருடவில்லை, யாரும் லஞ்சம் வாங்கியிருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை, ஆனால் நாடு ஏழையானது.

இந்த நஷ்டத்தை முதலில் சரியாகப் பிடித்தவர் கோர்டன் டல்லாக். சட்டம் படித்தவர், சீனாவில் அமெரிக்கத் தூதரக வேலை பார்த்தவர். 1967-ல் அவர் எழுதிய கட்டுரையைப் பெரிய இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. அதில் அவர் திருட்டை வைத்து விளக்குகிறார். திருடன் என் வீட்டில் பத்தாயிரம் ரூபாய் எடுத்தால் எனக்குப் பத்தாயிரம் நஷ்டம், அவனுக்குப் பத்தாயிரம் லாபம், ஊருக்கு மொத்தத்தில் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று கணக்கில் வரும். அப்புறம் ஏன் திருட்டு ஊரை அழிக்கிறது? திருடன் வேறு வேலை செய்யாமல் பூட்டுடைக்கப் பழகுகிறான். நான் அதைவிட நல்ல பூட்டு வாங்குகிறேன், கிரில் போடுகிறேன், தெருவே சேர்ந்து வாட்ச்மேன் வைக்கிறது. இத்தனை பேருடைய நேரமும் காசும் சேர்ந்துதான் உண்மையான நஷ்டம், திருட்டே நடக்காத ராத்திரியிலும் அந்தச் செலவு நடக்கிறது. சலுகை வேட்டையும் அப்படியே. ஒரு லைசென்ஸுக்குப் பத்துப் பேர் முயன்றால் கிடைப்பது ஒருவருக்கு. மற்ற ஒன்பது பேர் டெல்லிக்குப் போட்ட நடை, வக்கீலுக்குக் கொடுத்தது, ஆள் பிடித்தது எல்லாம் வீண். ஜெயித்தவர் செலவழித்ததும் சமுதாயத்துக்கு வீண்தான். அந்தப் பத்துப் பேரும் நல்ல கெட்டிக்காரர்களாக இருப்பார்கள், அதுதான் இதில் மனதை வருத்தும் விஷயம். எங்கே பலன் அதிகமோ அங்கேதான் மூளை போகும்.

ராஜாஜி இதை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார். 1952-ல் சென்னை மாகாண முதல்வராக வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாடுகளை நீக்கியவர் அவர். 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கிய பிறகு பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ் என்று அவர் வைத்த பெயர் இந்தியா முழுக்கப் பரவியது. அவருடைய அரசியலில் எனக்கு ஒத்துவராத விஷயங்கள் நிறைய, குறிப்பாக 1953-ல் கொண்டுவந்த கல்வித் திட்டம். ஆனால் பெர்மிட் கொடுக்கும் அதிகாரமும் கட்சி நிதியும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதில் அவர் சொன்னது அப்படியே நடந்தது. 1991 ஜூலை 24-ம் தேதி, மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்த அதே நாளில், 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவிப்பு வந்தது. இறக்குமதி லைசென்ஸை வெட்டிக் குறைத்த வர்த்தக மந்திரி சிவகங்கைக்காரரான ப. சிதம்பரம்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஏன் முடியாது என்பதைப் புரிந்துகொள்ள இன்னொருவரைச் சந்திக்கவேண்டும். மன்சர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 1965-ல் இதைப் பற்றி எழுதியவர். எளிய கணக்குதான். ஒரு கோடி பேரிடமிருந்து வருடத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் போகும்படி ஒரு விதி வருகிறது என்று வையுங்கள். மொத்தம் பத்துக் கோடி. அதை ஐந்து கம்பெனி பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோடி. இரண்டு கோடிக்காக ஒரு கம்பெனி டெல்லியில் ஆபீஸ் போடும், ஆராய்ச்சி அறிக்கை எழுத ஆள் வைக்கும், எலெக்‌ஷன் சமயத்தில் உதவும். பத்து ரூபாய்க்காக நீங்கள் என்ன செய்வீர்கள்? பஸ் ஏறிப் போய் மனு கொடுப்பதற்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். நீங்கள் சோம்பேறி என்பதால் சும்மா இருக்கவில்லை, சும்மா இருப்பதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும். லாபம் சிலரிடம் குவிந்து, நஷ்டம் பலர்மேல் மெல்லியதாகப் பரவினால், ஜனநாயகத்திலும் சிலரே ஜெயிப்பார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவில் சர்க்கரை இதற்குப் பழைய உதாரணம். வெளிநாட்டுச் சர்க்கரை இவ்வளவுதான் வரலாம் என்று பல காலமாகக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதால் அங்கே சர்க்கரை விலை பெரும்பாலும் உலக விலையைவிட நன்றாக மேலேயே நிற்கும். சில ஆயிரம் விவசாயப் பண்ணைகளுக்கும் ஆலைகளுக்கும் லாபம், முப்பது கோடிப் பேருக்கு நஷ்டம். மிட்டாய்க் கம்பெனிகள் இடம் பெயர்ந்தன. மிச்சிகன் மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த லைஃப் சேவர்ஸ் மிட்டாய் ஃபேக்டரியைக் கனடாவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது 2002-ல்.

ஆனால் அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை, ஈரோடு போதும். ஈரோட்டில் விசைத்தறிகளில் ஓடுவது பெரும்பாலும் ரேயான் துணி. நைட்டி, சுடிதார், குர்த்தி என்று நாம் வாங்கும் வழவழப்பான, விலை குறைந்த துணிக்கு அங்கே நெய்யும் சாயம் போடாத துணிதான் அடிப்படை, அது வடமாநிலங்களுக்குப் போய் அச்சடித்துத் திரும்பி வருகிறது. அந்த ரேயானுக்கு மூலம் விஸ்கோஸ் இழை, மரக்கூழிலிருந்து செய்வது. இழை ஸ்பின்னிங் மில்லுக்குப் போய் நூலாகிறது, நூல் தறிக்கு வருகிறது. இந்தியாவில் இந்த இழையைப் பெரிய அளவில் தயாரிப்பது அநேகமாக ஒரே ஒரு குழுமம். 2010-ல் சீனா, இந்தோனேசியாவிலிருந்து வரும் விஸ்கோஸ் இழைக்கு பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனி அடக்க விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டி உள்ளூர்த் தொழிலைச் சாய்க்கக்கூடாது என்பது இந்த வரிக்குச் சொல்லப்படும் காரணம், அப்படி நிஜமாகவே நடப்பதும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரி 2021 ஆகஸ்ட் வரை இருந்தது. பதினோரு வருடம்.

அந்தப் பதினோரு வருடம் தறிக்காரருக்கு என்ன ஆனது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். இழைக்கு வரி, ஆகவே இங்கே இழை விலை வெளிநாட்டைவிட அதிகம். மில்லுக்கு அடக்கம் கூடியது, நூல் விலை ஏறியது. பத்துத் தறி, இருபது தறி வைத்திருக்கும் ஒருவர் நூல் வாங்கி நெய்து விற்றால் மீட்டருக்கு நிற்பது சில்லறை லாபம், நூல் விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் அசைந்தாலே அந்த லாபம் காலி. இதற்குள் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் விலை குறைந்த இழையில் நூற்ற நூலும், நெய்த துணியும் இங்கே வரத் தொடங்கின. இழை வாசலில் தடுக்கப்பட்டது, அந்த இழையிலிருந்து செய்த பொருள் உள்ளே வந்தது. ஒரு வேலையைக் காப்பாற்ற என்று சொல்லிப் போட்ட வரி, அதே சங்கிலியில் கீழே இருந்த பல வேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியது. இழைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களைவிட நூற்பாலையிலும் தறியிலும் வேலை செய்பவர்கள் பல மடங்கு. ஆனால் பொருள்குவிப்பு வரி விசாரணையின் மையக் கேள்வி, அதே பொருளை உள்நாட்டில் தயாரிப்பவருக்குப் பாதிப்பா என்பது. தறிக்காரர் அந்தப் பொருளை வாங்குபவர், தயாரிப்பவர் இல்லை. கோவையில் இருக்கும் சைமா போன்ற நூற்பாலைச் சங்கம் வருடக்கணக்கில் வரியை எடுக்கச் சொல்லிக் கேட்டது, சங்கம் இருந்ததால் கேட்க முடிந்தது. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தறி ஓட்டும் அம்மாவுக்கு, தன் வேலை குறைந்ததற்கும் டெல்லி கெஜட்டில் வந்த ஒரு வரிக்கும் சம்பந்தம் இருப்பதாகச் சொல்லக்கூட யாரும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் தறி நிற்கிறது, அது மட்டும் தெரியும். வரி போன பிறகு, 2023 மார்ச்சில் அதே இழைக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. 2025-ல் அதை நீக்கும்வரை, இந்தியத் தரச் சான்று வாங்காத வெளிநாட்டு இழை வரமுடியவில்லை. தரம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பாஸ்டியாவின் மெழுகுவர்த்திக்காரர்களும் நல்ல காரணங்களாகத்தான் சொன்னார்கள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பேசாமல் விட்டால் விளக்கம் அரைகுறைதான். சலுகை யாருக்கு முதலில் கிடைத்ததோ அவர் லாபம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கினவர்தான் மாட்டிக்கொள்வார். டெல்லியில் மாசு வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் ஆட்டோக்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட்டது. புது ஆட்டோ வேண்டும் என்றால் பழைய ஆட்டோ ஒன்றை ஒழித்து அந்த இடத்தில்தான் வரலாம். பர்மிட் ஒரு சொத்தானது, ஃபைனான்ஸ்காரர்கள் கைக்குப் போனது, வண்டியின் விலையைவிட பர்மிட்டுக்குக் கொடுத்த விலை அதிகம் என்ற நிலை வந்தது. டிரைவர் கடன் வாங்கி அந்த விலையைக் கொடுத்தார், அப்புறம் தவணை கட்டுவதற்காக மீட்டர் போடாமல் ஓட்டினார். பயணிக்கு டிரைவர்மேல் கோபம், டிரைவருக்குப் பயணிமேல் கோபம், காசு போன இடத்தை இருவருமே பார்க்கவில்லை. 2011-ல்தான் வரம்பை ஒரு லட்சமாக உயர்த்தினார்கள்.

நியூயார்க்கில் இது இன்னும் கொடூரமாக முடிந்தது. அங்கே 1937-ல் டாக்சி எண்ணிக்கைக்கு வரம்பு போட்டு, ஒவ்வொரு டாக்சிக்கும் அனுமதிக்கு அடையாளமாக ஒரு உலோகத் தகடு கொடுத்தார்கள். 2014 வாக்கில் ஒரு தகடு பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. வாங்கினவர்களில் நிறையப் பேர் வங்கதேசம், பாகிஸ்தான், ஹெய்ட்டி என்று வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், எல்லாம் கடனில். ஊபர் வந்ததும் தகட்டின் விலை சரிந்தது, கடன் சரியவில்லை. 2018-ல் டிரைவர்கள் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2021-ல் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் நகர நிர்வாகம் கடன் குறைப்புக்கு ஒத்துக்கொண்டது. ஊபரை வரவிட்டது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தப்பான ஒரு விதியை எண்பது வருடம் வைத்திருந்துவிட்டுத் திடீரென்று அது பயனற்றுப் போக விட்டால், அதில் சாகிறவர் அந்த விதியால் பணக்காரர் ஆனவராக இருக்கமாட்டார். சலுகையைக் கொடுப்பது சுலபம், எடுப்பது இவ்வளவு கஷ்டம்.

அப்படியானால் எல்லா லைசென்ஸும் கெட்டதா, அரசாங்கமே தள்ளி நிற்கவேண்டுமா? இல்லவே இல்லை. சலுகை வேட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். டாக்டருக்கு லைசென்ஸ் வேண்டும், மருந்துக்குப் பரிசோதனை வேண்டும், சாயப்பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாடு வேண்டும். நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பார்க்கும் சோதனை இரண்டு. தகுதி உள்ள எவருக்கும் விதிப்படி கிடைக்கிறதா, அல்லது எண்ணி இத்தனை பேருக்கு மட்டும் ஒருவருடைய விருப்பப்படி கிடைக்கிறதா? இந்த விதி யாரைக் காப்பாற்றுகிறது, வாங்குபவரையா, ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவரையா?

இந்தச் சோதனையை ரேஷன் அரிசிக்கு வையுங்கள். தமிழ்நாட்டில் அட்டை இருந்தால் இத்தனை கிலோ என்று கடை வாசலிலேயே எழுதியிருக்கிறது, வாங்குபவர் மந்திரியைப் பார்க்கவேண்டியதில்லை. அரிசிக்குச் செலவாகும் பணத்தைப் பற்றி டிவியில் மணிக்கணக்காக ‘இலவசம், இலவசம்’ என்று கத்துகிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்தை அதே சோதனையில் வையுங்கள். 1993-லிருந்து ஏலமே இல்லாமல் ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து கம்பெனிகளுக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தது, காங்கிரஸ் ஆட்சி, பாஜக ஆட்சி எல்லாக் காலத்திலும். 2014-ல் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லி, விசாரணைக்கு வந்த 218 ஒதுக்கீடுகளில் 214-ஐ ரத்து செய்தது. 2008-ல் கொடுத்த 122 அலைக்கற்றை லைசென்ஸ்களையும் 2012-ல் ரத்து செய்தார்கள், 2001-ம் வருட விலைக்கே, முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுத்தது செல்லாது என்பது தீர்ப்பு. அந்த விவகாரத்தில் நடந்த குற்ற வழக்கில் 2017-ல் எல்லாரும் விடுதலையானார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குற்றம் யார்மேல் என்பது வேறு கேள்வி. எனக்கு முக்கியம், நாட்டுச் சொத்தை ஏலம் போடாமல் கொடுத்தால் அதன் மதிப்பு முழுக்க வரிசையில் முதலில் நின்றவருக்குப் போகிறது என்பது. 2010-ல் 3ஜி அலைக்கற்றையை ஏலம் போட்டபோது அரசுக்கு 67,000 கோடிக்கு மேல் வந்தது. ஒரு தாளின் மதிப்பு என்ன என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

பணம் அதிகாரத்தை வாங்குவதும் அதிகாரம் பணத்தை உண்டாக்குவதும் இப்படி ஒரு வட்டமாகச் சுற்றுகிறது. அந்த வட்டத்தில் நமக்குத் தெரியாமல் இருட்டில் கிடந்த பகுதி கட்சி நிதி. 2018-லிருந்து, வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் தேர்தல் பத்திரம் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள், யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்று பொதுமக்களுக்குத் தெரியாது. அதற்கு முன்பு ஒரு கம்பெனி தன் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் நன்கொடை தரலாம் என்று இருந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்து, பெயர்களை வெளியிடச் சொன்னார்கள். மொத்தம் 16,500 கோடிக்கு மேல் விற்றிருந்தது. வெளியான பட்டியலில் அதிகம் பெற்ற கட்சி பாஜக, அடுத்து திரிணமூல், காங்கிரஸ், தெலங்கானாவின் பிஆர்எஸ், ஒடிசாவின் பிஜேடி, திமுக. எல்லாமே மத்தியிலோ மாநிலத்திலோ ஆட்சி செய்த கட்சிகள். பத்திரம் அதிகம் வாங்கி நன்கொடை கொடுத்தவர் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரு லாட்டரி கம்பெனி, 1,368 கோடி. லாட்டரி என்பது மாநில அரசு அனுமதித்தால் மட்டுமே இருக்கக்கூடிய வியாபாரம். தமிழ்நாட்டில் 2003-லேயே தடை. அடுத்தடுத்த இடங்களில் அரசாங்க கான்ட்ராக்ட் எடுப்பவர்கள், சுரங்கம், மின்சாரம். ஒவ்வொரு ரூபாயும் கைமாறாகக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலை ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள், தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது. அரசாங்கத்தின் ஒரு கையெழுத்தை நம்பி இருக்கும் தொழில்கள் அதில் எத்தனை என்று எண்ணிக்கொண்டே போங்கள்.

இனிமேல் பேப்பரில் இறக்குமதித் தடை, புது லைசென்ஸ், கட்டாயச் சான்று என்று எது வந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது, இதை யார் கேட்டார்கள் என்பது. அதற்கடுத்து, இதற்கு விலை கொடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு சங்கமாவது இருக்கிறதா என்பது. 2023 ஆகஸ்ட் 3-ம் தேதி, லேப்டாப், டேப்லெட் இறக்குமதிக்கு உடனடியாக லைசென்ஸ் வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. மறுநாளே தள்ளி வைத்தார்கள், கடைசியில் அது ஆன்லைனில் விண்ணப்பித்து அனுமதி பெறும் முறையாகத் தளர்ந்தது. தளர்ந்ததற்குக் காரணம், பாதிக்கப்பட்டவர்கள் பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள், அமெரிக்க அரசாங்கமே அவர்களுக்காகப் பேசியது. விஸ்கோஸ் வரிக்குப் பதினோரு வருடம் ஆனது.